உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் கிளாம்ப்: எந்த ஜாபுக்குக் கைகொடுக்கும், எதற்குக் கூடாது

ஒரு ஜாபின், அதாவது மெஷினில் வெட்டப்படும் பாகத்தின், மேல்முகத்தையும் வெளிவட்டத்தையும் ஒரே செட்டிங்கில் (ஒரே பிடிப்பில்) முடிக்க வேண்டும் என்று வரைபடம் கேட்கும்போது, நாம் வழக்கமாக நம்பியிருக்கும் வைஸும் ஸ்ட்ராப் கிளாம்பும் உதவிக்கு வராமல் டூலுக்குக் குறுக்கே நிற்கின்றன. பாதி முகத்தை முடித்து, கிளாம்பை இடம் மாற்றி, மீதியை முடித்தால் நடுவில் ஒரு படி விழுகிறது. அந்தப் படியை அரத்தால் மறைத்து அனுப்பும் பட்டறைகளும் உண்டு. ஆனால் அந்த ஜாபில் ஏற்கெனவே அளவுக்கு முடிக்கப்பட்ட ஒரு துளை இருந்தால், அதற்குள் ஒரு கிளாம்பை வைத்து விரித்து, வெளியே எதுவுமே தொடாமல் பிடித்துவிட முடியும். விஎம்சியில் (கணினி இயக்கும் செங்குத்து மில்லிங் மெஷினில்) இந்த வேலைக்கென்று விற்கப்படும் விரியும் கிளாம்புகளைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. கோவையில் பம்பு, மோட்டார் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்யும் பட்டறைகளின் தேவையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

அமைப்பு எளிமையானது. சுலபமாக வெட்டுப்படும் மைல்ட் ஸ்டீலில் ஒரு வட்டத் துண்டு. அதன் மேற்பகுதி பிளவுகளால் சில இதழ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நடுவில் டேப்பர் (கூம்பாகச் சரியும்) தலையுடைய ஓர் ஆலன் போல்ட். போல்ட்டை முறுக்கினால் டேப்பர் கீழே இறங்கி இதழ்களை வெளிப்புறமாகத் தள்ளும், இதழ்கள் துளையின் சுவரை அழுத்திப் பிடிக்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த மைட்டீ-பைட் நிறுவனத்தின் கிளாம்புகள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. அதே அமைப்பில் வேறு தயாரிப்புகளும் சந்தையில் கிடைக்கின்றன. கீழே நான் சொல்லும் நிறைகுறைகள் எந்த ஒரு பிராண்டுக்கும் உரியவை அல்ல, இந்த அமைப்புக்கே உரியவை.

இந்தக் கிளாம்பின் உண்மையான மதிப்பு அதன் விரியும் தன்மையைவிட, வாங்குபவரே வெட்டிக்கொள்ளும்படி அதன் வெளிவட்டம் விடப்பட்டிருப்பதில்தான் இருக்கிறது. ஃபிக்ஸர் பிளேட்டில் (மெஷின் மேசையில் ஏற்றும் தாங்கு தட்டில்) அதைப் பொருத்தி, மேசையில் எந்த இடத்தில் ஜாப் உட்காரப் போகிறதோ அதே இடத்தில், அதே ஸ்பிண்டிலைக் கொண்டு, எண்ட் மில் என்ற சுழலும் வெட்டுக் கருவியை வட்டமாக ஓட்டி அளவுக்கு வெட்டிக்கொள்கிறோம். அப்படி வெட்டிய கணத்திலேயே கிளாம்பின் மையமும் மெஷினின் ஆயத்தொலைவு மையமும் ஒன்றாகிவிடுகின்றன. டயல் வைத்து மையம் தேட வேண்டிய வேலை அந்த லாட் (ஒரே வகை ஜாபுகளின் தொகுதி) முழுவதற்கும் இல்லை. ஒரே பிளேட்டில் ஆறு கிளாம்புகள் வைத்தாலும் ஆறின் மையமும் புரோகிராமில் எழுதிய இடத்திலேயே இருக்கும். பிளேட்டைக் கழற்றி மறுபடி ஏற்றும்போது இடத்தை நிலைநிறுத்தும் டோவல் பின்கள் ஒழுங்காக இல்லையென்றால் இந்த நன்மை போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிகத் துல்லியம் கேட்கும் ஜாபுக்கு, பிளேட்டை ஏற்றிய பிறகு கிளாம்பை இன்னும் ஒரு மெல்லிய வெட்டு வெட்டிக்கொள்வதே சரியான வழி.

வெட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போல்ட்டைத் தளர்வாக வைத்துக்கொண்டு வெட்டினால் இதழ்கள் அதிரும், வெட்டிய முகத்தில் சாட்டர் குறி (அதிர்வுத் தடம்) விழும், அளவும் கையில் நிற்காது. ஆகவே, பிடிக்கும்போது எந்த இறுக்கத்தில் இருக்குமோ ஏறத்தாழ அதே இறுக்கத்தில் இதழ்களை நிறுத்தி, அவை மேற்கொண்டு விரியாதபடி பூட்டிவிட்டு வெட்ட வேண்டும். இதற்கான பூட்டும் ஏற்பாடு கிளாம்போடு வருகிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. வராவிட்டால் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் கடைந்து போட்டுக்கொள்ளலாம். விரிந்த நிலையில் வெட்டச் சொல்வதற்குக் காரணம், இதழ்கள் அடியில் கிளாம்பின் உடலோடு ஒட்டியிருக்கின்றன, மேலே மட்டும் திறக்கின்றன. கதவு கீலில் திறப்பதுபோல ஒவ்வோர் இதழும் அடியை மையமாகக் கொண்டு சாய்கிறது. தளர்ந்த நிலையில் செங்குத்தாக வெட்டப்பட்ட இதழ், விரிந்தபின் மேல் விளிம்பில் மட்டும்தான் துளையைத் தொடும். விரிந்த நிலையிலேயே செங்குத்தாக வெட்டப்பட்ட இதழோ முழு உயரத்துக்கும் தொடும். துளையின் உள்ளே மார்க்கிங் ப்ளூவை மிக மெல்லியதாகத் தடவி, ஜாபை ஒருமுறை பிடித்து விடுவித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். நன்றாக வெட்டப்பட்ட கிளாம்பில் ஒவ்வோர் இதழின் மீதும் நீலம் மேலிருந்து கீழ்வரை படிந்திருக்கும். மோசமாக வெட்டப்பட்டதில் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோட்டை நம்பி எண்ட் மில்லை இறக்கக் கூடாது.

எவ்வளவு அளவுக்கு வெட்டுவது என்பதை ஓர் உண்மையான ஜாபை வைத்தே பார்க்கலாம். மோனோபிளாக் பம்பில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பிராக்கெட்டில், மோட்டார் பக்கம் பேரிங் துளையும் ஸ்பிகாட்டும் (மோட்டாரோடு மையம் பொருந்த உதவும் வளைய மேடு) இருக்கும்; பம்பு பக்கம் கேசிங் உட்காரும் ரிஜிஸ்டர் (மையம் பிடிக்கும் வளையப் படி) இருக்கும். பேரிங் துளையையும் ஸ்பிகாட்டையும் லேத்தில் ஒரே பிடிப்பில் முடித்துவிடலாம், அதில் சிக்கலில்லை. ஜாபைத் திருப்பிப் போட்டு ரிஜிஸ்டரை எடுக்கும்போதுதான் இரண்டின் மையமும் விலகுகிறது. அந்த விலகல் இம்பெல்லரின் கழுத்துப் பகுதியில் ஒரு பக்கம் உராய்வாகவும் மறுபக்கம் நீர்க்கசிவாகவும் வெளிப்படும். பம்பின் திறன் குறைவதற்கு வார்ப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், காரணம் இரண்டாவது செட்டிங்கில் இருக்கும். 6205 பேரிங்குக்கு வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ.; எச்7 பொருத்தம் (துளைக்கான தர அளவுவரம்பு) என்றால் துளை 52.000-க்கும் 52.030-க்கும் இடையே இருக்க வேண்டும். கிளாம்பை இறுக்கிப் பூட்டிய நிலையில் 51.95 அளவுக்கு வெட்டிக்கொண்டால், தளர்த்தியதும் அது இன்னும் சற்றுச் சுருங்கி ஜாப் தடையில்லாமல் உள்ளே இறங்கும். பிடிக்கும்போது மிகக் குறைந்த விரிவிலேயே சுவரைத் தொட்டுவிடும். லாட்டில் ஒரு துளை 52.005, அடுத்தது 52.025 என்று இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் இதழ்கள் எல்லாப் பக்கமும் ஒருசேர விரிவதால் மையம் நகர்வதில்லை. நிலையான அளவுடைய ஒரு பிளக்கில் ஜாபை மாட்டினால் இடைவெளியில் பாதியளவு மையம் விலகும் வாய்ப்பு எப்போதும் இருக்கும். விரியும் கிளாம்பு வெல்வது இந்த இடத்தில்தான்.

இந்த பிராக்கெட்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. திருப்பிப் போட்டபின் மேலே ஷாஃப்ட் செல்லும் துளை திறந்திருப்பதால், அதன் வழியாகவே ஆலன் கீயை இறக்கிப் போல்ட்டை முறுக்கலாம். எம்8 ஆலன் போல்ட்டுக்கு 6 மி.மீ. கீ போதும். மேல்பக்கம் மூடியிருக்கும் துளையுள்ள ஜாபாக இருந்தால் கீ செல்ல வழியே இருக்காது. அப்போது போல்ட்டைப் பிளேட்டின் அடியிலிருந்து இழுக்கும்படி ஃபிக்ஸரை மாற்றி வடிவமைக்க வேண்டும், அது வேறு செலவு. கிளாம்பை வாங்குவதற்கு முன் வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கீ எந்த வழியாகப் போகும் என்பதைத்தான்.

இத்தனை சின்ன போல்ட் இவ்வளவு பெரிய வார்ப்பைத் தாங்குமா என்ற சந்தேகம் எந்த ஆபரேட்டருக்கும் வரும். அதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. எம்8 போல்ட்டை 15 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், வழக்கமான 0.2 முறுக்குக் குணகத்தின்படி அச்சுவழி இழுவிசை சுமார் 9.4 கிலோ நியூட்டன் வரும். டேப்பரின் அரைக்கோணம் 10 பாகை, உராய்வுக்கோணம் 7 பாகை என்று கொண்டால், இதழ்கள் அனைத்தும் சேர்ந்து வெளிப்புறமாகத் தரும் அழுத்தம் ஏறத்தாழ 30 கிலோ நியூட்டன். வார்ப்பிரும்புக்கும் எஃகுக்கும் இடையே உராய்வு 0.15 என்றால் சுற்றுவழியாக 4.5 கிலோ நியூட்டன் தாங்கும்; 26 மி.மீ. ஆரத்தில் அது சுமார் 117 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தைத் தடுக்கும். ரிஜிஸ்டரை 80 மி.மீ. ஆரத்தில் 500 நியூட்டன் வெட்டுவிசையோடு வெட்டினாலும் வருவது 40 நியூட்டன் மீட்டர்தான். இதழ்களை வளைக்கவே ஒரு பங்கு விசை செலவாகிவிடும் என்பதைக் கழித்தாலும் பாதுகாப்பு போதுமான அளவு இருக்கிறது. டேப்பரிலும் மரையிலும் கிரீஸ் தடவினால் அதே முறுக்கத்தில் விசை கணிசமாகக் கூடிவிடும். அதனால் கிரீஸ் போடுவதென்றால் எல்லாக் கிளாம்புக்கும் எப்போதும் போட வேண்டும், இல்லையென்றால் எதற்கும் போடக் கூடாது.

எனவே இந்தக் கிளாம்புக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) கட்டாயம் என்பேன். எல்-கீயில் பைப்பை மாட்டி முறுக்கும் பழக்கம் உள்ள பட்டறையில் இதை வாங்கி வைக்காமல் இருப்பதே மேல். விசை குறைந்துவிடும் என்ற பயத்தைவிட, விசை கூடிவிடும் என்ற பயம்தான் இங்கே நியாயமானது.

அலுமினிய வளையம் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். உள்விட்டம் 40 மி.மீ., சுவர்த் தடிமன் 3 மி.மீ., அகலம் 10 மி.மீ. என்று வையுங்கள். மேலே சொன்ன அதே 30 கிலோ நியூட்டனை அதற்குள் கொடுத்தால், சுவரின் மீதான அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன். சுவரில் சுற்றுவழி இழுப்பு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 160 நியூட்டன். வளையம் உடையாது, நிரந்தரமாக விரியவும் செய்யாது. ஆனால் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் அதன் விட்டம் ஏறத்தாழ 0.09 மி.மீ. பெரிதாகியிருக்கும். அந்த நிலையில் வெளிவட்டத்தை மைக்ரான் கணக்கில் அளவுக்குக் கொண்டுவந்து, போல்ட்டைத் தளர்த்தினால், வளையம் சுருங்கி வெளிவட்டம் அதே அளவு குறைந்துவிடும். மெஷினில் இருக்கும்போது சரியாக இருந்த அளவு, இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் குறைவாக வருவது இப்படித்தான். முறுக்கத்தை 2 நியூட்டன் மீட்டராகக் குறைத்தால் விரிவும் 12 மைக்ரானாகக் குறையும்; அதிலும் ஃபினிஷிங் வெட்டைத் தாங்கும் அளவுக்குப் பிடி மிச்சமிருக்கும். வளையம் எஃகாக இருந்தால் இந்த விரிவுகள் எல்லாம் மூன்றில் ஒரு பங்குதான். ரஃபிங்கை (அதிகப்படி உலோகத்தை எடுக்கும் முரட்டு வெட்டை) வேறு பிடிப்பில் முடித்துவிட்டு, ஃபினிஷிங்குக்கு மட்டும் இந்தக் கிளாம்பைக் குறைந்த முறுக்கத்தில் பயன்படுத்துவதே மெல்லிய சுவருள்ள ஜாபுக்கு ஏற்ற வழி.

அதைவிடவும் நுட்பமான ஒரு கேடு இருக்கிறது. இதழ்களின் நடுவில் அழுத்தம் அதிகமாகவும் பிளவுகள் இருக்கும் இடத்தில் அழுத்தம் இல்லாமலும் இருப்பதால், மெல்லிய வளையம் வட்டமாக விரியாமல் இதழ்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மேடுபள்ளமாக விரியும். மூன்று இதழ் உள்ள கிளாம்பில் வரும் முக்கோணச் சாயலை மைக்ரோமீட்டர் காட்டாது, ஏனென்றால் ஒரு மேட்டுக்கு நேரெதிரே எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். எந்தப் பக்கம் அளந்தாலும் விட்டம் ஒன்றாகவே வரும். வி-பிளாக்கில் வைத்து மேலே டயலை நிறுத்தி உருட்டினால்தான் அது வெளிப்படும். நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில் இதழ் உள்ள கிளாம்பில் வரும் மேடுபள்ளத்தை மைக்ரோமீட்டரே பிடித்துவிடும். ஆகவே மெல்லிய வளையங்களுக்கு இதழ்கள் அதிகமாகவும் பிளவுகள் குறுகலாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளையில் கீ-வே (ஷாஃப்ட் சாவி உட்காரும் பள்ளம்) வெட்டப்பட்டிருந்தால், அது ஓர் இதழின் நடுவில் வராமல் ஒரு பிளவுக்கு நேராக வரும்படி ஜாபை இறக்குவது நல்லது. கீ-வேயின் விளிம்பில் பர் (வெட்டியபின் நிற்கும் பிசிறு) இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை இந்தக் கிளாம்பிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. வெளிப்புறமாகத் தள்ளுவது மட்டுமே இதன் வேலை. ஜாபைக் கீழே பிளேட்டோடு இழுத்து உட்கார வைக்கும் விசை இதில் இல்லையென்றே சொல்லலாம். முறுக்கும்போது ஜாப் முழுமையாக உட்காராமல் இருந்துவிடவும் கூடும். ஜாபை வைத்து, போல்ட்டை லேசாகத் தொடும்வரை முறுக்கி, நைலான் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, பிறகு முழு முறுக்கம் கொடுக்கும் வரிசையை ஆபரேட்டருக்குப் பழக்கிவிட வேண்டும். தாங்கு முகம் மூன்று சிறிய பேடுகளாக இருந்தால், 0.02 மி.மீ. ஃபீலர் கேஜ் எந்தப் பேடின் அடியிலும் நுழையவில்லை என்று உடனே சரிபார்க்கலாம். முழு முகமாக இருந்தால் நடுவில் ஒரு துகள் சிக்கியிருந்தாலும் தெரியாது.

மேலே இழுக்கும் வெட்டுகளுக்கும் இதே காரணத்தால் எச்சரிக்கை தேவை. ஹெலிக்ஸ் கோணம் (வெட்டு விளிம்பின் சுருள் சாய்வு) அதிகமுள்ள எண்ட் மில்லை ஆழமாக இறக்கிப் பக்கச்சுவரை வெட்டும்போது அது ஜாபை ஸ்பிண்டிலை நோக்கித் தூக்கும். அதை எதிர்க்க உராய்வைத் தவிர வேறெதுவும் இல்லை. 15 மி.மீ. மட்டுமே ஆழமுள்ள துளையில் பிடித்து, 80 மி.மீ. உயரத்தில் ஓரமாக வெட்டுவதும் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே ஜாப் சுழல்வதற்கு முன்பே சாய்ந்துவிடும். வார்ப்பின் மேல்தோலை எடுக்கும் முதல் வெட்டு, வார்த்தபடியே விடப்பட்ட கோர் துளையில் (வார்ப்பிலேயே உருவான கரடுமுரடான துளையில்) பிடிப்பது, இந்த இரண்டுக்கும் இதைக் கொண்டுபோகவே கூடாது. துளை முடிந்திருக்க வேண்டும், துளைதான் மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக இருக்க வேண்டும். இவை இரண்டும் பொருந்தினால் மட்டுமே இது சரியான கருவி.

பராமரிப்பு எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். பிளவுகளுக்குள் வார்ப்பிரும்புத் தூள் கூலண்ட்டோடு சேர்ந்து இறுகிவிட்டால் இதழ்கள் முழுமையாகச் சுருங்காது. அடுத்த ஜாப் இறங்க மறுக்கும். அளவுக்கு வெட்டி முடித்ததும் பிளவுகளில் சிலிகான் சீலண்ட்டை நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும், இதழ்களின் அசைவையும் அது தடுப்பதில்லை. ஒவ்வொரு ஜாபுக்கும் இடையே ஏர் கன் அடித்து, துணியால் இதழ்களைத் துடைப்பது கட்டாயம். கிளாம்பு மென்மையான எஃகாக இருப்பதால் முடித்த துளையில் பொதுவாகக் கீறல் விழாது. ஆனால் நடுவில் சிக்கும் ஒரு துகள் 30 கிலோ நியூட்டன் அழுத்தத்தில் பேரிங் இருக்கையில் பள்ளம் போட்டுவிடும்.

இதற்கு மாற்று நம் பட்டறைகளிலேயே இருக்கிறது. ஒரு மைல்ட் ஸ்டீல் பிளக்கைக் கடைந்து, நடுவில் 1:16 டேப்பர் பைப் மரை போட்டு, ஸ்லிட்டிங் சா என்ற மெல்லிய வட்ட ரம்பத்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து, பைப் பிளக்கை முறுக்கினால் அதுவும் விரியும். பத்து இருபது ஜாபுக்கு இது தாராளமாகப் போதும். மரையே டேப்பராக இருப்பதால் விரிவு சீராக வருவதில்லை, தளர்த்தும்போது சிக்கிக்கொள்கிறது, பைப் பிளக்கின் மரை சீக்கிரம் தேய்கிறது. மாதந்தோறும் திரும்பி வரும் ஜாபுக்கு வாங்கிய கிளாம்பே லாபம். லேத்தில் வேலை என்றால் கதை வேறு. ஜெர்மனியின் ஹைன்புக் நிறுவனத்தின் மாண்டோ போன்ற விரியும் மேன்ட்ரல்கள் (ஜாபை உள்ளிருந்து பிடிக்கும் தண்டுகள்) டிராபார் என்ற இழு தண்டால் இயங்கி, ஜாபைப் பின்முகத்தோடு இழுத்து உட்கார வைக்கின்றன. விஎம்சி கிளாம்பில் இல்லாத அந்த இழுவை அவற்றில் உண்டு, விலையும் அதற்கேற்பத்தான். டேப்பர் மேன்ட்ரலில் ஜாபைத் தட்டி ஏற்றும் பழைய முறை ரன்-அவுட்டில் (சுழலும்போது வரும் மையத் தள்ளாட்டத்தில்) இன்றும் சளைத்ததல்ல. ஆனால் துளையின் அளவு மாறமாற ஜாப் நிற்கும் இடமும் நீளவாக்கில் மாறுவதால், சிஎன்சியில் ஒவ்வொரு ஜாபுக்கும் நீள அளவை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

வாங்குவதாக இருந்தால் கேட்டலாகில் வெட்டாத வெளிவிட்டத்தைப் பார்த்து, உங்கள் துளையைவிடச் சற்றே பெரியதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தேவைக்கு மீறிப் பெரியதை வாங்கி அதிகமாக வெட்டினால் இதழ்கள் மெலிந்து வலுவிழக்கும். எந்த அளவுக்குக் கீழே வெட்டக் கூடாது என்ற குறைந்தபட்ச விட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். பிளேட்டில் உட்காரும் பகுதியின் விட்டமும் ஆழமும் கேட்டலாகில் தந்தபடியே துளையிடப்பட வேண்டும், அங்கே ஆட்டம் இருந்தால் மேலே எவ்வளவு துல்லியமாக வெட்டியும் பயனில்லை. டேப்பர் போல்ட் தனியாகக் கிடைக்குமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், தேய்வது முதலில் அதுதான். 52-க்கு வெட்டிய கிளாம்பு தேய்ந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதில்லை. குறைந்தபட்ச விட்டம் இடம் கொடுத்தால் அதையே 6204 பேரிங்கின் 47 மி.மீ. துளைக்கு மறுபடி வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய அளவையும், அந்த ஜாபுக்குரிய முறுக்கத்தையும் கிளாம்பின் பக்கத்திலேயே பிளேட்டில் பஞ்ச் செய்துவிட்டால், அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் யாரிடமும் கேட்காமல் டார்க் ரெஞ்சை அந்த எண்ணுக்குத் திருப்பி வைப்பார்.